தேதிக்கு முந்திய தாள்

வானத்தை ஆள விரும்புகிறவர் எவரும் முதலில் காகிதத்தை வென்றாக வேண்டும். விமானப் பயிற்சிப் பள்ளியின் நூலக அறையில் அந்தக் காகிதத்துக்குக் காவலாக இருந்தவளை மாணவர்கள் ‘திருத்தக்கா’ என்றே அழைத்தார்கள். விமானச் சட்டத் தேர்வுக்கு அச்சிட்ட சட்டத் தொகுப்பைக் கையோடு எடுத்துச் செல்லலாம். ஆனால் தேர்வு நாளன்று எது சட்டமோ அதுதான் அதில் இருக்க வேண்டும். ஆகவே திருத்தத் தாள்கள் வந்திறங்கும்போதெல்லாம் அவள் ஒவ்வொரு தொகுப்பின் வளையங்களையும் திறப்பாள். செத்த சட்டத்தை உருவுவாள். உயிருள்ள சட்டத்தைக் கோப்பாள். உருவியதை அங்கேயே கிழித்துப் போடுவாள்.

“அக்கா, புது ஷீட் வந்துடுச்சாமே, இப்பவே போட்டுக் குடுங்களேன்” என்று எவனாவது அவசரப்பட்டால், தாளின் தலையில் அச்சாகியிருக்கும் தேதியை விரலால் தட்டிக் காட்டுவாள்.

“அமலுக்கு வர்ற தேதியைப் பாருடா தம்பி. பிள்ளை பொறக்கறதுக்கு முன்னாடியே பள்ளிக்கூடத்துல சேப்பியா?”

அவளும் ஒரு தேர்வர்தான். திருமணத்துக்கு முன் சின்னஞ்சிறு பயிற்சி விமானத்தைத் தனியாக ஓட்டி இறக்கியவள். பிறகு மாமியார் வீடு, பிறகு மகள், பிறகு ‘அப்புறம் பார்க்கலாம்’ என்ற அந்தப் பொல்லாத சொல். மற்ற பாடங்களில் தேறிவிட்டாள். சட்டம் மட்டும் பாக்கி. கெடுவுக்குள் அதிலும் தேறாவிட்டால் தேறியவை எல்லாம் காலாவதியாகிவிடும் என்பது விதி. அவளுடைய கெடு இந்தத் தேர்வோடு முடிகிறது.

ஆகாயத்துக்கு எழுதிய சட்டத்தையே ஆண்டுதோறும் திருத்துகிறார்கள்! பெண்ணை அடுப்படியில் நிறுத்திவைத்த சட்டத்துக்கு மட்டும் ஏன் ஒரு தாளும் வந்து சேரவில்லை?

ஒரு தாள் வந்தது. புதுக் கட்டைப் பிரித்தவள் நின்றபடியே படித்தாள். கெடு ஒழிந்தது, ஒருமுறை தேறியவர் தேறியவரே. ஆனால் அடுத்த மாதம் முதல்தான் அமல். அதற்குள் காலாவதியானவர்களுக்குப் பயனில்லை. மாணவர்களின் தொகுப்புகளை அவள் தொடவில்லை. தன் தொகுப்பைத் திறந்தாள். பழைய தாளை உருவினாள், கிழித்தாள், புதியதைக் கோத்தாள். தப்பு செய்கிறோம் என்ற நினைப்பே எழவில்லை. ஏங்கிக் கிடந்த கண்ணுக்கு அந்தத் தாள் அன்றே சட்டமாகிவிட்டது. சாப்பாட்டு வேளைகளில் அதைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டாள்.

தேர்வு நாள் காலையில் கணவன் ஸ்கூட்டரைக் கிளப்பினான்.

“கேப்டன் அம்மா, ஹெல்மெட்டைப் போட்டுக்கோங்க.”

“கிண்டலா?”

“கிண்டல்தான். இந்த வயசுல பரீட்சை எழுதி எந்த ஊருக்குப் பறக்கப்போறாளாம்னு அம்மா கேட்டாங்க.”

“நீ என்னப்பா சொன்ன?”

“டிக்கெட் வேணாம், நீங்களும் ஏறிக்கோங்கன்னு சொன்னேன்.”

தேர்வுக் கூடத்தின் வாசலில் கண்காணிப்பாளர் ஒவ்வொரு தொகுப்பாகப் புரட்டிப் பார்த்து உள்ளே அனுப்பினார். அவளுடையதில் கை நின்றது.

“இந்தப் பக்கம் அடுத்த மாசம்தானேம்மா அமலுக்கு வருது?”

அவள் பார்த்தாள். எத்தனையோ பேருக்கு அவள் தட்டிக் காட்டிய அதே இடத்தில், அடுத்த மாதத் தேதி.

“பழைய சட்டத்தைத் தூக்கிட்டு வர்றவங்களைத்தான் பார்த்திருக்கேன். வரப்போற சட்டத்தோட வந்து நிக்கிற ஆளை இப்பத்தான் பாக்கறேன்.”

பின்னாலிருந்த மாணவன் பதறினான். “சார், எங்க புக்கையெல்லாம் திருத்திக் குடுத்ததே அவங்கதான் சார்!”

“அதனாலதான் உங்களுது சரியா இருக்கு” என்றார் அவர், சிரிக்காமல். “இதை வெளியதான் வைக்கணும்மா. இன்னொருத்தர் புத்தகத்தையும் தொடக் கூடாது. புக் இல்லாம எழுதறீங்களா, திரும்பிப் போறீங்களா?”

திரும்பிப் போக எனக்கு இடம் ஏது என்று கேட்கத்தான் வாயெடுத்தாள். “எழுதறேன் சார்” என்பதே வந்தது.

கூடம் முழுதும் தாள்கள் சலசலத்தன. அத்தனையும் அவள் விரல்கள் கோத்தவை. ஒரு கேள்வியைப் படித்ததும், அதற்கான தாள் எத்தனை தடிமன், எந்த மூலையில் மடிந்திருக்கும் என்றுகூட விரல் சொன்னது. வாசகம் மட்டும் பாதியில் நழுவியது. நழுவியதை மனத்துக்குள் துரத்தித் துரத்திப் பிடித்து எழுதினாள்.

வெளியே கணவன் காத்திருந்தான். முகத்தைப் பார்த்ததும் கிண்டலை விழுங்கிக்கொண்டான்.

“புக்கை வாங்கி வெச்சுட்டாங்க. நான் பண்ணின தப்பு” என்றாள்.

“அப்போ?”

“தெரிஞ்சதை எழுதியிருக்கேன். தேறுமான்னு சொல்லத் தெரியல.”

கூடத்தை அடுத்த விமானத் திடலின் வேலிக்கு அப்பால் ஒரு பயிற்சி விமானம் ஓடுபாதையை விட்டெழுந்து, வெயிலில் ஒரு பக்கம் சாய்ந்து வட்டமடித்தது. உள்ளே ஒருவர்தான் இருந்தார். எவர் பெற்ற பிள்ளையோ.

“கிளம்பலாமா?” என்றான்.

அவள் கம்பி வேலியைப் பற்றிக்கொண்டு அண்ணாந்து நின்றாள்.

“கொஞ்சம் இரு. அது இறங்கட்டும்.”