கதவு மடிப்பில் பழைய பெயிண்ட்

எங்கள் பட்டறையில் கார் கதவுக்குப் பெயிண்ட் அடிப்பது என்ன வேலை என்று கண்டுபிடிக்க முதலாளி ஒரு படித்த ஆளைக் கூட்டிவந்தார். இருபத்திரண்டு வருடமாக அதையே செய்துகொண்டிருக்கும் என்னைக் கேட்டிருந்தால் ஒரு டீக்குச் சொல்லியிருப்பேன். ஆனால் நான் சொன்னால் அது வெறும் பேச்சு. அவர் சொன்னால்தான் வரையறை.

ஆலோசகர் என்று அவருடைய அட்டையில் போட்டிருந்தது. நாங்கள் வைத்த பெயர் கமா. சட்டத்தைப் படித்துக்கொண்டே வருவார். கமா வந்த இடத்தில் விரலை வைத்து நின்றுவிடுவார். "இங்கதான் இருக்கு விஷயம்" என்பார். ஏதோ சாக்கடையில் மோதிரத்தைத் தொலைத்தவர் மாதிரி அந்த இடத்தையே துழாவுவார்.

டப்பாக்களின் பெயர் சொல்ல என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஏசி ஓடியது. உட்காரச் சொல்லவில்லை, என் பேண்டில் இருந்த பெயிண்ட் நாற்காலியில் ஒட்டிவிடும் என்ற பயம். அது காய்ந்து நாலு வருடம் ஆகிறது என்று நானும் சொல்லவில்லை.

"முதல்ல என்ன வைப்பீங்க?" என்று கமா கேட்டார்.

"ஒடுக்கு விழுந்த இடத்துல பட்டி வைப்போம் சார். தேய்ச்சுட்டு பிரைமர். அதுக்கு மேல கலர். கடைசியா பளபளப்புக்கு கிளியர். கிளியர்ல ஹார்டனர் கலக்கணும். கெட்டியா இருந்தா தின்னர்."

"பட்டிங்கிறது பூச்சா, நிரப்பியா?"

"பள்ளத்துல வச்சா நிரப்பி. மேட்டுல வச்சா முட்டாள்தனம்."

முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டார்.

மேஜையில் இரண்டு சட்டங்கள் கிடந்தன. பச்சைத் தாளில் இருந்தது காற்று மாசு ஆபீஸ் அனுப்பியது. மஞ்சள் தாளில் இருந்தது தொழிலாளர் பாதுகாப்பு ஆபீஸ் அனுப்பியது. எங்கள் புகைபோக்கி வழியாக வெளியே போகிற நாற்றத்துக்குப் பச்சை. எங்கள் மூக்கு வழியாக உள்ளே போகிற நாற்றத்துக்கு மஞ்சள். நாற்றம் என்னவோ ஒன்றுதான். இரண்டு ஆபீசும் ஒரே கட்டடத்தில், ஒரே மாடியில் இருப்பதாகக் கேள்வி. நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவரைத் தாண்டி ஒருவரையொருவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கமாவுக்குப் பிழைப்பு போயிருக்கும்.

அவர் ஒரு பெரிய தாளில் இரண்டு கட்டம் போட்டு, இரண்டு சட்டத்திலும் 'மறுபூச்சு' என்றால் என்ன என்பதை அக்கம்பக்கமாக எழுதியிருந்தார். பச்சை சொன்னது: 'பழுது நீக்கும் பொருட்டு, தொழிற்சாலைக்கு வெளியே, வாகனத்தின் மீதோ அதன் பாகத்தின் மீதோ பூசப்படும் பூச்சு.' மஞ்சள் சொன்னது: 'வாகனத்தின், முன்னரே பூசப்பட்ட மேற்பரப்பின் மீது, மீண்டும் பூசப்படும் பூச்சு.'

பச்சையில், மறுபூச்சு செய்கிறவன் தின்னரைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றலாம். மஞ்சளில், மறுபூச்சு செய்கிற ஒவ்வொரு பெயிண்டருக்கும் வெளிக்காற்று குழாயில் வருகிற முகமூடி வாங்கித்தர வேண்டும். முதலாளிக்குத் தின்னர் வேண்டும், முகமூடி வேண்டாம்.

"பச்சையில நாம மறுபூச்சு பண்றோம்" என்றார் கமா. "மஞ்சள்ல பண்ணல."

"ஒரே கதவுல எப்படி சார்?" என்று முதலாளி கேட்டார்.

கமா விரலை வைத்தார். "முன்னரே பூசப்பட்டங்கிறான் பாருங்க. இருக்கிற பெயிண்டை முழுசா சுரண்டி எடுத்துட்டோம்னா? வெறும் இரும்பு. வெறும் இரும்பு மேல அடிக்கிறது மறுபூச்சு இல்ல, முதல் பூச்சு. முதல் பூச்சுக்குத் துணி முகமூடி போதும்."

பேரன் பிறந்த செய்தி கேட்டவர் மாதிரி முதலாளியின் முகம் மலர்ந்தது.

அப்பன் பெயரை ஒரு ஆபீசில் ஒன்றாகவும் அடுத்த ஆபீசில் வேறொன்றாகவும் எழுதிக் கொடுத்தால் என்னைப் பிடித்து உள்ளே போடுவார்கள். ஒரு டப்பா பெயிண்டுக்கு அந்தத் தொல்லை கிடையாது.

திங்கட்கிழமையிலிருந்து புதுச் சட்டம் எங்கள் முழங்கையில் ஏறியது. நகத்தளவு கீறலோடு வருகிற காரிலும் கதவு முழுவதையும் இரும்பு தெரியச் சுரண்ட வேண்டும். முன்பு அரை நாள் ஆன வேலைக்கு இரண்டு நாள். நல்ல பெயிண்டை, கம்பெனியில் அடித்த பெயிண்டை, இன்னும் பத்து வருடம் உழைக்கிற பெயிண்டைத் தூளாக்கிக் கூட்டி அள்ளினோம். எதற்கு? இரண்டு முகமூடி வாங்காமல் இருப்பதற்கு.

இதில் எனக்கு ஒரு தனிக் கவலை இருந்தது. பூத் என்கிற அடைத்த பெயிண்ட் அறைக்குள் நின்று அடிக்கிற பெயிண்டர்கள் இரண்டே பேர். ஒன்று நான். இன்னொன்று என் மச்சினன், என் மனைவியின் தம்பி. நான்தான் அவனை இந்த வேலைக்குக் கொண்டுவந்தேன். நிறம் பார்ப்பதில் அவனுடைய கண்ணுக்கு ஈடு கிடையாது. வெயிலில் மங்கிப்போன சாம்பல் நிறத்தை மூன்று டப்பாவிலிருந்து எடுத்துச் சேர்த்துவிடுவான். இரண்டு வருடமாக அவனுக்கு நெஞ்சில் விசில் அடிக்கிறது. கிளியர் அடித்து முடித்ததும் வெளியே வந்து டிரம்மின் மேல் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொள்வான். பேச ஆரம்பித்த வாக்கியத்தைப் பாதியில் விட்டு இருமுவான். டாக்டர் பார்த்துவிட்டு, "அந்த ஹார்டனர் புகைதான். குழாய் முகமூடி இல்லாம இன்னும் ஒரு வருஷம் அடிச்சா, அப்புறம் எந்த டாக்டராலயும் ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லியிருந்தார். இதை முதலாளியிடம் சொன்னால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அதனால் நாங்கள் சொல்லவில்லை. எல்லாருக்கும் முகமூடி வந்தால் அவனுக்கும் வந்துவிடும், யாருக்கும் தெரியாமல் அவனைக் காப்பாற்றிவிடலாம் என்பது என் கணக்கு.

மஞ்சள் சட்டத்தைத் தொழிலாளிகள் பார்க்கும்படி சுவரில் மாட்ட வேண்டுமாம். முதலாளி சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். கம்ப்ரசருக்குப் பின்னால் ஆணியடித்து மாட்டினார். அங்கே நின்றால் காது கிழியும், எவனும் நிற்கமாட்டான். நான் நின்றேன். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதே நாற்பத்தொன்றாவது வயதில்தான். டீ இடைவேளைக்கு இரண்டு வரி வீதம் படித்தேன். எட்டு நாளில் அந்தப் பக்கம் முடிந்தது. திரும்பத் திரும்ப, பதினோரு தடவை படித்தேன். மனப்பாடமே ஆகிவிட்டது.

மச்சினன் டிரம்மில் உட்கார்ந்தபடி கேலி செய்தான். "என்ன மாமா, கம்ப்ரசருக்குப் பாடம் சொல்லிக் குடுக்கறீங்களா?"

"இரு மாப்ள. கமா ஒரு இடத்தை விட்டுட்டான்."

"என்ன இடம்?"

"மடிப்பு."

கார் கதவின் வெளித்தகடு அடி ஓரத்தில் உள்தகட்டைச் சுற்றி மடித்து அமுக்கப்பட்டிருக்கும். எந்தப் பெயிண்டரும் அந்த மடிப்பைச் சுரண்டமாட்டான். சுரண்டினால் தண்ணீர் இறங்கி ஆறு மாதத்தில் துரு பிடித்து, கதவு அப்பளமாக உதிரும். அழுக்கைத் துடைத்து, லேசாகத் தேய்த்து, பழைய பெயிண்டின் மேலேயே அடித்துவிடுவோம். இது சோம்பேறித்தனம் இல்லை, தொழில். கார் கதவைத் தன் கையால் திறந்து ஏறுகிற கமாவுக்கு அப்படி ஒரு மடிப்பு இருப்பதே தெரியாது. அது அவருடைய கட்டத்தில் இல்லை.

அடுத்த மாதம் தொழிலாளர் ஆபீஸிலிருந்து ஆய்வாளர் வந்தார். ஐம்பது வயது இருக்கும் ஒரு அம்மா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு, எங்கள் டிரம், டப்பா, தரை எல்லாவற்றையும் வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் மாதிரி பார்த்தார். கமா தன்னுடைய பெரிய தாளை விரித்தார். அந்த அம்மா நின்றபடியே முழுவதையும் படித்தார்.

"கெட்டிக்காரத்தனமா இருக்கு" என்றார்.

கமா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டார். படித்தவர்களுக்கு இப்படி ஒரு வசதி.

நான் முன்னால் போனேன். "மேடம், ஸ்டாண்டுல இருக்கிற அந்த வெள்ளைக் கதவோட அடியைக் கொஞ்சம் பாருங்க."

"நீ போய் வேலையைப் பாரு" என்றார் முதலாளி.

"வேலையைத்தான் முதலாளி காட்டுறேன்."

கதவைப் புரட்டிப் போட்டேன். ஸ்க்ரூ டிரைவர் நுனியால் மடிப்புக்குள் ஒரு கோடு இழுத்தேன். மேலே வெள்ளை. அடியில் சிவப்பு.

"இது என்ன சிவப்பு?"

"பழைய இரும்புக்கடையில வாங்கின கதவு மேடம். அது சிவப்புக் காரோடது. நாங்க வெள்ளைக் காருக்காக அடிச்சோம். முன்னரே பூசப்பட்ட மேற்பரப்பின் மீது, மீண்டும் அடிச்சோம்."

"எல்லாக் கதவுலயும் இப்படி இருக்குமா?"

"இருக்கும். இல்லேன்னா அடிச்சவன் பெயிண்டர் இல்ல."

கமா தொண்டையைச் செருமினார். "மேற்பரப்புன்னா, மேடம், மேல இருக்கிறது. மடிப்பு உள்ள இருக்கு. அது, சரியாச் சொன்னா, உள்பரப்பு."

"மேற்பரப்புக்கு இதுல தனியா வரையறை இருக்கா?"

"இல்லை. இல்லாத காரணத்தால..."

"இல்லாத காரணத்தால என் விரல் தொடுற இடமெல்லாம் மேற்பரப்பு." மடிப்பைத் தொட்டதில் விரலில் ஒட்டிய சிவப்புத் தூளை அவருடைய பெரிய தாளின் ஓரத்திலேயே துடைத்துவிட்டு, அந்த அம்மா எழுத ஆரம்பித்தார்.

அன்றைக்கு மச்சினன் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். "ஸ்கூலுக்குப் போகாததே நல்லதாப் போச்சு மாமா. போயிருந்தா நீங்களும் கமா ஆகியிருப்பீங்க." சிரித்துவிட்டு இருமினான். நான் பெரிய வக்கீல் மாதிரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது நினைத்தால் அந்தக் காலை உடைக்கலாம் போல இருக்கிறது.

பன்னிரண்டு நாள் கழித்து இரண்டு குழாய் முகமூடிகள் வந்தன. கூடவே ஒரு நர்ஸும், நுரையீரலின் பலத்தை ஊதிப் பார்க்கிற ஒரு கருவியும் வந்தன.

"இது எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"மறுபூச்சு பண்றவங்க எல்லாரும் ஊதணுமே. ரெண்டாவது பக்கத்துல போட்டிருக்கே, நீங்க பாக்கலையா?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரே ஆணியில் இரண்டு தாள். நான் முதல் தாளைப் பதினோரு தடவை படித்தேன். அதைத் தூக்கி அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஒரு பக்கத்தைப் படித்து முடித்ததே உலக சாதனை என்று நின்றுவிட்டேன். கமாவாவது ஒரு கமாவையும் விடமாட்டார். அவரைக் கேலி செய்துகொண்டு திரிந்த மேதை ஒரு பக்கத்தையே விட்டுவிட்டான்.

நான் ஊதினேன், தப்பித்தேன். மச்சினன் மூன்று தடவை ஊதினான். மூன்றாவது தடவை ஊதி முடிக்கும் முன்பே இருமல் வந்துவிட்டது. நர்ஸ் அவனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு எழுதினாள்.

"இவர் இனிமே பூத்துக்குள்ள போகக் கூடாது. முகமூடி போட்டாலும் கூடாது."

முதலாளி குரலை உயர்த்தவில்லை. அவருக்கு அதற்கு அவசியமும் இல்லை. "நான் என்னப்பா பண்றது? நான் சுரண்டத்தான் சொன்னேன். சுரண்டினா முதல் பூச்சு. எவனும் ஊத வேண்டாம். உங்க மாமாதான் கதவைப் புரட்டிப் போட்டு மறுபூச்சுன்னு காட்டினாரு. நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

மச்சினன் என்னைப் பார்த்தான். என்னைத் திட்ட அவனுக்கு மூச்சும் இல்லை.

நான் சாப்பிடப் போகவில்லை. கம்ப்ரசருக்குப் பின்னால் நின்று இரண்டாவது தாளைப் படித்தேன். வரிக்கு வரி விரலை வைத்து, கமா வந்த இடத்திலெல்லாம் நின்று, அந்த ஆளைப் போலவே படித்தேன். நான்காவது பத்தியில் இருந்தது: 'அத்தகைய தொழிலாளியைப் பணிநீக்கம் செய்யலாகாது, அதே நிறுவனத்தில், தகுந்த மாற்றுப் பணி அளிக்கப்பட வேண்டும்.' ஆணியிலிருந்து தாளைப் பிய்த்து எடுத்துக்கொண்டு ஆபீஸ் அறைக்குப் போனேன். கமா உள்ளேதான் இருந்தார். கேட்காமலே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

அவர் வரியைப் படித்தார். விரல் 'தகுந்த' என்ற சொல்லின் மேல் போய் நின்றது. "தகுந்தன்னா, யாருக்குத் தகுந்த? நிறுவனத்துக்கா, தொழிலாளிக்கா? இதுக்கு வரையறை இல்லையே."

"அந்த மேடத்தையே கூப்பிட்டுக் கேட்டுடலாமா சார்?"

விரல் எழுந்துவிட்டது.

மச்சினனுக்கு வாசல் கேட்டில் வேலை கிடைத்தது. வருகிற வண்டியின் நம்பரையும் நேரத்தையும் நோட்டில் எழுத வேண்டும். வானத்தைப் பார்த்து இது எத்தனை சொட்டு நீலம் என்று சொல்லக்கூடியவனுக்கு, ஒரு ஸ்டூலும் ஒரு பேனாவும். நான் முகமூடி மாட்டிக்கொண்டு தனியாகப் பூத்தில் நின்றேன். முதலாளி நாலாவது நாளே வேறு ஒரு பெயிண்டரைப் பிடித்துவிட்டார். அவன் சாம்பல் நிறம் கலந்தால் சாணி வருகிறது.

மச்சினன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். எங்கள் வீட்டு மாடியில்தான் அவன் குடும்பம். படிக்கட்டில் நான் ஏறினால் அவன் சுவரைப் பார்ப்பான். "அக்கா, அவர்கிட்ட சொல்லு" என்பான். "உன் தம்பிகிட்ட சொல்லு" என்பேன். "ஏன், எனக்கு என்ன தபால் ஆபீஸ்ல வேலை போட்டிருக்கா?" என்று என் மனைவி இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினாள்.

ஆறு வாரம் அப்படியே போனது. ஒரு மதியம் டப்பா வாங்கக் கடைக்குக் கிளம்பினேன். கேட்டில் அவன் பேனாவை நோட்டின் மேல் வீசிவிட்டு எழுந்தான்.

"நல்லா இருங்க மாமா, முகமூடியை மாட்டிக்கிட்டு யானை மாதிரி தும்பிக்கையை ஆட்டிக்கிட்டு நல்லா இருங்க, நான் இங்க ஸ்டூல்ல உக்காந்து போறவன் வர்றவனுக்கெல்லாம் நம்பர் எழுதறேன், ஒரு தாளைத் தூக்கிப் பாக்க வக்கு இல்ல, உங்களை எவன் சட்டம் படிக்கச் சொன்னான், கமாவே தேவலை, அவன் அடுத்தவன் குடியைக் காசு வாங்கிக்கிட்டுக் கெடுக்கறான், நீங்க இலவசமா கெடுக்கறீங்க, இதுல அந்தப் புதுப்பய அடிச்ச கதவு வேற நேத்து இந்த வழியாத்தான் போச்சு, பூசணம் பிடிச்ச மாதிரி இருக்கு, அதைப் பாக்கறதுக்காகவா நான் இங்க உக்காந்திருக்கேன்..."

நான் அசையாமல் நின்று முழுவதையும் கேட்டேன். நடுவில் இருமல் வரவில்லை. கை நெஞ்சுக்குப் போகவில்லை. இவ்வளவு நீளமான வசவை நிறுத்தாமல் அவன் திட்டி முடித்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

"மாப்ள" என்றேன். "மறுபடி ஒரு தடவை, முதல்லேர்ந்து சொல்லு."

சொன்னான். இந்தத் தடவை என் அப்பனையும் சேர்த்துக்கொண்டான்.