எந்தக் கிழமை ஓய்வு

மிஷினிலிருந்து வெளியே வரும் ஈர பெட்ஷீட் மூட்டை ஒரு ஆள் கனம் இருக்கும். அதை இழுத்து வண்டியில் போட்டுக்கொண்டே சின்னவள் அக்காவின் காலைப் பார்த்தாள். கணுக்காலில் சுற்றியிருந்த கட்டுத்துணிக்கு மேல் சதை பிதுங்கி நின்றது. இஸ்திரி மேசைக்காரிக்கு உட்கார ஸ்டூல் கிடையாது. வாரத்தில் ஒரு நாளாவது காலைத் தூக்கி வைத்துப் படுக்காவிட்டால் புண் ஆறாது என்று டாக்டர் சொல்லிப் பதினொரு வாரம் ஆகிறது. ஹோட்டல் சலவைக்கூடத்தில் வார லீவு நின்றும் அதே பதினொரு வாரம். புது காண்ட்ராக்டர் வந்ததும் முதலில் கைவைத்தது அதில்தான்.

மேனேஜருக்கு ஆமென் சார் என்று பேர். எதைக் கேட்டாலும் ஆமென் என்பார், எதுவும் நடக்காது. ஒன்பது பெண்களும் போய் நின்றபோது மட்டும் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"ஒரு நாள் மொத்தமா மூடிடலாம். ஆளுக்கொரு நாள்னா முடியாது, பாதி ஆளை வெச்சு மிஷின் ஓட்ட முடியாது. ஒன்பது பேரும் ஒரே கிழமையை எழுதி, கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டாங்க."

வெளியே வந்து கதவு சாத்துவதற்குள் சண்டை பற்றிக்கொண்டது. ஒன்பது பேரும் கிறிஸ்தவர்கள்தான். ஆனால் ஐந்து பேருக்கு ஞாயிறு சபை, நாலு பேருக்குச் சனிக்கிழமை சபை. சின்னவள் அம்மா வழியில் ஞாயிறு; அக்கா இரண்டு வருஷத்துக்கு முன் சனிக்கிழமைக்கு மாறியவள். பழைய காண்ட்ராக்டர் காலத்தில் அவரவர் நாளை அவரவர் எடுத்துக்கொண்டதால் சண்டை வீட்டோடு நின்றது.

பத்துக் கட்டளையில் ஒன்பது வேண்டுமாம், ஏழாம் நாளில் ஓயச் சொல்லும் நாலாவது மட்டும் கசக்குமா என்று அக்கா கட்சி கேட்டது. அது யூதருக்குக் கொடுத்தது, ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாள்தான் நம் நாள் என்றது மறு கட்சி. கறை எடுக்கிறவள் ஞாயிறு கட்சிக்குத் தலைவி.

"சட்டம்னா முழுசா வேணாமா? ஆட்டையும் புடிச்சுப் பலி குடுங்களேன், நாங்க வந்து பாக்குறோம்."

கிழமையே போடாமல் வாரத்தில் ஒரு நாள் என்று மட்டும் எழுதலாம் என்றாள் சின்னவள். அப்படி எழுதினால் ஆமென் சார் தன் சபை நாளான ஞாயிறைத்தான் கொடுப்பார் என்றார்கள் சனிக்கிழமைக்காரர்கள். சரி, எல்லாருமே சனி என்று போடுவோம், நாள் என்றால் நாள்தானே என்று அவள் ஞாயிற்றுக்கிழமைக்காரர்களிடம் போனாள். கால் வலிக்காக வேதத்தை மாற்றச் சொல்கிறாயா என்று கறை எடுக்கிறவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை வேலைக்கு நடக்கும்போது அக்காவிடமே கேட்டுப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழமைன்னு ஒரு கையெழுத்துப் போட்டுடு. கால் தப்பிக்கும்."

"சனிக்கெழமை நின்னுட்டு ஞாயித்துக்கெழமை படுத்தா அது ஓய்வு இல்லடி. வெறும் படுக்கை."

"அந்த வெறும் படுக்கையைத்தான்க்கா டாக்டர் கேட்டாரு."

"ஒலகத்தைப் படைச்சது டாக்டரா?"

"இப்ப மட்டும் என்ன? சனிக்கெழமை நின்னுக்கிட்டுத்தானே இருக்க?"

அக்கா நடையை நிறுத்தினாள். "அது அவன் என்னை நிக்க வெக்கிறது. இது நானே கையெழுத்துப் போட்டு நிக்கிறது. ரெண்டும் ஒண்ணா?"

சின்னவளுக்குக் கோபம்தான் வந்தது. கொஞ்ச தூரம் முன்னால் வேகமாக நடந்தாள். பிறகு அந்தக் காலால் இந்த வேகத்துக்கு வர முடியாது என்று உறைத்து நின்றாள்.

வெள்ளிக்கிழமை ஆமென் சாரின் மேசைமேல் இரண்டு தாள் இருந்தன. சின்னவள் சனிக்கிழமைத் தாளில் போட்டிருந்தாள். அதனால் ஐந்துக்கு நாலு என்றிருந்தது நாலுக்கு ஐந்து ஆனதுதான் மிச்சம். ஆமென் சார் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஊழியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லாததால் விடுமுறைக் கோரிக்கை முடித்துவைக்கப்படுகிறது என்ற நோட்டீஸ் ஏற்கெனவே டைப் ஆகித் தயாராக இருந்தது.

"எல்லா நாளும் கர்த்தரோட நாள்தானேம்மா. இதுக்குப் போய் அடிச்சுக்கலாமா?"

"அப்ப நாளன்னைக்கு நீங்களும் வேலைக்கு வருவீங்களா சார்?" என்றாள் சின்னவள்.

"சபையில எனக்குப் பொறுப்பு இருக்கும்மா."

ஞாயிற்றுக்கிழமை ஏழரை மணிக்கு டிரைவர் ஒரு மூட்டை கொண்டுவந்து போட்டான். ஆமென் சாரின் சபைப் பீடத்து விரிப்பு. நடுவில் தங்க நூலில் சிலுவை. கூடவே ஒரு சீட்டு: ஒன்பது மணி ஆராதனைக்கு வேண்டும், சிலுவைமேல் மடிப்பு விழக் கூடாது.

கையால் இஸ்திரி போடத் தெரிந்தவள் அக்கா ஒருத்திதான். நூல் பொசுங்காமல் சிலுவையைச் சுற்றிச் சுற்றி இஸ்திரிப் பெட்டியின் நுனியை ஓட்டினாள். கறை எடுக்கிறவள் பக்கத்தில் நின்று தண்ணீர் தெளித்தாள். அக்கா ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றாள். கட்டுத்துணியில் மஞ்சளாக ஒரு வட்டம் கசிந்து பரவியிருந்தது. கறை எடுக்கிறவள் அதைக் குனிந்து பார்த்தாள். பிறகு, மேசைக்குக் கீழே தொங்கிய விரிப்பின் ஓரம் அதில் பட்டுவிடாமல், இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.