கீறல்காரியின் கண்ணாடி

கண்ணாடித் தொழிற்சாலையின் மதிலுக்குள் மட்டும் ஒன்பது வருஷமாகப் பொழுது சாயவில்லை. அக்கம்பக்கத்தார் மதிலோரம் கொடி கட்டி ராத்திரியிலும் துணி காயப்போடுகிறார்கள். கம்பளிகூட சட்டென்று உலர்ந்துவிடுகிறது.

எல்லாம் அங்கே கண்ணாடியில் சித்திரம் செதுக்கிய கீறல்காரியின் கோபத்தால் வந்தது. அவள் தம்பி பேருந்து ஓட்டுகிறவன். எவனோ எறிந்த கல்லில் முன்கண்ணாடி நொறுங்கிக் கன்னம் கிழிந்தது. கண் நூலிழையில் தப்பியது. அந்தக் கண்ணாடி இதே தொழிற்சாலையில் செய்ததுதான். அந்த ஆத்திரத்தில் அவள் கண்ணாடிக் கலவைக்கு அரைக்கக் குவித்திருந்ததில் கையில் கிடைத்த சிப்பியைச் சுத்தியலால் ஒரு போடு போட்டாள். சிப்பி விரிசல் விட்டதே தவிர உடையவில்லை. உருப்பெருக்கியில் பார்த்தால், உள்ளே அலையலையாய் நெளிவுகள். விரிசல் அவற்றுக்குள் புகுந்து, வழி தெரியாமல் சுற்றி, களைத்துப் படுத்திருந்தது. தம்பியின் பேருந்துக்கென்று ஒரு கண்ணாடி வார்த்து, அதற்குள்ளும் அதே நெளிவுகளைக் கீறினாள்.

ஆனால் கீறல் விழுந்த கண்ணாடி வாசலைத் தாண்டக் கூடாது, அன்றன்றே உடைத்துக் குழியில் தள்ளிய பிறகே வேலை முடியும் சங்கு ஊத வேண்டும் என்பது அங்கே விதி.

"கீறல் இருக்கேம்மா, உடைச்சிருவோம்" என்றார் மேலாளர்.

"அந்தக் கீறல்தான் சார் அதைக் காப்பாத்துது! கீறலே இல்லாத உங்க கண்ணாடியைத்தான் என் தம்பி கன்னத்துலேருந்து டாக்டர் பொறுக்கி எடுத்தாரு."

"விதின்னு ஒண்ணு இருக்குல்ல?"

"உடைங்க, பாக்குறேன்."

உடைத்தார்கள். உடையவில்லை. உடையாததால் சங்கு ஊதவில்லை. சங்கு ஊதாததால் சூரியன் புகைபோக்கிக்கு மேலேயே நின்றுவிட்டது. வெளியே தெருவிளக்கு எரிந்தது, ஊர் தூங்கி எழுந்தது. உள்ளே சுள்ளென்று வெயில். ஆண்களுக்குத் தாடி நெஞ்சுவரை இறங்கியது. "எங்க மாமியார் வாயைக்கூட அடைச்சிரலாம்யா, இத உடைக்க முடியாது" என்று சுத்தியலைக் கை மாற்றினான் உலைக்காரன். பொழுது சாயாததால் ஒரு நாள் சம்பளம்தான் என்று அலுவலகம் அறிவித்தபோது எல்லாருக்கும் பற்றிக்கொண்டு வந்தது. சுத்தியல்களை வீசிவிட்டு, கண்ணாடியை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினார்கள். கீறல்காரி முன்னால் நடந்தாள்.

மேலாளர் மட்டும் வரவில்லை. கண்ணாடி திரும்பி வரும், உடைக்க வேண்டும் என்று குழியருகே நிற்கிறார். அவர் மனைவி சாப்பாடும் குடையும் கொடுத்தனுப்புகிறாள். தம்பியின் பேருந்தில் அதற்குப் பின் எத்தனையோ கல் விழுந்துவிட்டது; விரிசல்கள் நெளிவுக்குள் போய்ப் படுத்துக்கொள்கின்றன.

மதிலருகே தம்பியின் வண்டி நிற்கும்போதெல்லாம் கீறல்காரி, அங்கே துணி காயப்போடுகிறவர்களிடம் கேட்கிறாள்: "ஒத்துக்கிட்டாரா அந்த ஆளு?"

"இன்னும் இல்லக்கா."

"நிக்கட்டும்" என்று இறங்கி, கொடியில் காய்ந்த தன் துணிகளை மடித்து எடுத்துக்கொண்டு ஏறுகிறாள்.