அம்சாவுக்கு முறை வைத்த கதை

எங்கள் ஊர் ஏரியைப் பற்றி ஆராய்ச்சி செய்ய இந்தத் தை மாதம் மட்டும் மூன்று பேர் வந்தார்கள். மூவருக்கும் ஏறக்குறைய ஒரே விஷயம்தான்: பொதுவில் இருக்கும் ஒன்றை ஊர்க்காரர்கள் எப்படி அடித்துக்கொள்ளாமல் பங்கிட்டுக்கொள்கிறார்கள்? படாளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரே ஷேர் ஆட்டோவில் வந்தவர்கள், ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். ஆட்டோ ஓட்டும் தனகோடி சொன்னார். நல்ல பொழுதுபோக்கு வந்து இறங்கியிருக்கிறது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

என் தையல் மெஷின் ஜன்னலோரம் இருக்கிறது. நேர் எதிரே அம்சா வீடு. நான் ஒட்டுக்கேட்கும் ஆள் இல்லை. ஆனால் மெஷின் ஓடினால் எதிர்வீட்டுப் பேச்சு சரியாகக் காதில் விழாது. அதனால் அந்த வாரம் இரண்டு ரவிக்கை தாமதமானது உண்மைதான்.

மூவரும் அம்சாவைத் தேடி வந்ததற்குக் காரணம் உண்டு. ஏரியில் தண்ணீர் குறைந்த வருஷம் எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் பாய வேண்டும் என்கிற முறை முழுவதும் அவள் தலைக்குள் இருக்கிறது. மடை திறந்து மூடும் வேலை அவள் புருஷன் ஜெயக்குமாருடையது. அவன் லாரி ஓட்டப் போனதும் இவள் எடுத்துக்கொண்டாள். பொம்பளையா மடை திறப்பது என்று ஊர் ஒரு மாதம் முனகியது. தண்ணீர் நேரத்துக்கு வரவே அடங்கிவிட்டது. எழுதி வைத்த காகிதம் ஒன்றும் கிடையாது. அம்சா வாயைத் திறந்தால்தான் உண்டு.

முதலில் அவளைப் பிடித்துக்கொண்டவர் ஹரிசங்கர். சட்டம் படிப்பவர். தண்ணீர் யாருடைய உரிமை என்பது அவர் கேள்வி. திங்கட்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்தார். அடுப்பில் இருந்த சோறு தீய்ந்து தெருவே மணத்தது. அடுத்தவர் ஜான்சன். உயிரியல். தண்ணீர் விடும் முறை மாறினால் தவளைக்கும் நத்தைக்கும் என்ன ஆகும் என்று பார்க்கிறவர். செவ்வாய்க்கிழமை அம்சாவைக் கரை முழுக்க நடக்கவைத்தார். தவளைக்கு இத்தனை பெயர்கள் இருப்பது தெரிந்திருந்தால் இத்தனை நாள் மரியாதையாக நடத்தியிருப்பேன் என்றாள் அவள். சாயங்காலம் திரும்பி வந்தால் வாசலில் மறுபடியும் ஹரிசங்கர்.

மூன்றாவது, கோதை. செங்கல்பட்டுப் பெண், பொருளாதாரம். வாய்க்காலுக்குப் பூட்டும் இல்லை, காவலும் இல்லை, பிறகு ஏன் யாரும் திருடுவதில்லை என்பது அவள் கேள்வி. அவளுக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தேன். முழுக் கதையும் வந்துவிட்டது. ஐந்து வருஷப் படிப்பு. இரண்டு முறை தவணை வாங்கியாயிற்று. இனி தவணை கிடையாது; வருகிற திங்கட்கிழமை நாலு மணிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. எல்லாம் எழுதி முடித்துவிட்டாள், ஒரே ஒரு அத்தியாயம் தவிர. அந்த அத்தியாயம்தான் அம்சா. மார்கழியிலேயே வந்திருக்க வேண்டியவள், காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

புதன்கிழமை கோதை அறுபத்து நான்கு கேள்விகளோடு போய் உட்கார்ந்தாள். அதற்குள் அம்சாவிடம் ஒன்றும் மிச்சமில்லை. ஆமா, இல்ல, தெர்ல என்று மூன்றே பதில். ஒன்பதாவது கேள்வியில் தூங்கிப்போனாள். ஏரியை வற்ற அடிக்கக் கூடாது என்று எழுதுவதற்கு வந்தவர்கள் மூன்றே நாளில் அம்சாவை வற்ற அடித்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை காலையில் மூவரும் அவள் வாசலில் நின்றார்கள். அம்சா பின்பக்கமாக வந்து என் வீட்டுக்குள் ஒளிந்துகொண்டாள். இருவரும் ஜன்னல் வழியாகப் பார்த்தோம்.

வாசலில் நடந்தது மிகவும் நாகரிகமான சண்டை. அம்சா மதுராந்தகம் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள் என்று கோதை முந்தின நாள் ஜான்சனிடம் சொன்ன பொய் வெளியே வந்தது. ஹரிசங்கர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். தன் ஆய்வு முடியும்வரை வேறு எந்த ஆய்வாளரிடமும் பேசுவதில்லை என்று அம்சா கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாளாம்.

"ஆளாளுக்கு மோட்டார் போட்டு உன்ன எறச்சிகினு கீறாங்கடி" என்றேன் நான்.

அம்சா சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, கோதையையே சற்று நேரம் பார்த்தாள். அந்தப் பெண் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்சா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள். நான் பின்னாலேயே போனேன். கூடப் போகாமல் இருப்பது நன்றாக இருக்காது.

"இன்னா சார் அது காயிதம்?"

"நீங்க கையெழுத்து போட்டதுதாங்க."

"கூரியர்காரனுக்குக் கூடத்தான் கையெழுத்து போடறேன். அவன் கூடவா போய்ட்டேன்?"

காகிதம் பைக்குள் போனது. அம்சா அடுத்து, யாருக்கு எவ்வளவு நாள் இருக்கிறது என்று கேட்டாள். ஹரிசங்கருக்கு இரண்டு வருஷம். ஜான்சனுக்குப் பதினோரு மாதம். கோதைக்கு நாலு நாள்.

"அப்ப கடமடை இவதான்" என்றாள் அம்சா. "தண்ணி கொறஞ்சா கடமடைக்குத்தான் மொதல்ல."

எங்கள் ஊர் வழக்கம் அது. ஏரியை ஒட்டிய வயல்காரன் முதலில் பாய்ச்சினால், வாய்க்காலின் கடைசியில் இருப்பவன் தண்ணீரைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் குறைந்த வருஷத்தில் முறை கடைசியிலிருந்து தொடங்கும். தான்தான் அவளிடம் முதலில் வந்ததாக ஹரிசங்கர் சொல்லிப் பார்த்தார். ஏரியோரம் வீடு கட்டியவன் ஏரியே தன்னுடையது என்கிற மாதிரி இருக்கிறது என்று அம்சா அதையும் முடித்துவிட்டாள்.

இன்னொரு விதியும் சொன்னாள். ஒரு தரம் பாய்ந்த வயலுக்கு அதே முறையில் மறுபடி பாயாது. மற்ற இருவரிடமும் சொல்லிவிட்டதை மூன்றாவது ஆளிடம் சொல்ல மாட்டாள். கோதை அவர்களிடம் வாங்கிக்கொள்ள வேண்டியது.

கோதை கேள்விகளைப் படித்தாள். பத்தொன்பது கேள்விக்குப் பதில் ஜான்சனிடம் இருந்தது. அவர் உடனே நோட்டைத் திறந்து நீட்டினார். நடுவில் இருந்த தவளைப் படங்களைப் பார்த்தாக வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. முப்பத்தொன்று ஹரிசங்கரிடம் இருந்தது. அவர் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். கோதை முதலில் எழுதிவிட்டால் தன் ஆய்வு பழசாகிவிடும் என்றார். அந்த பயத்தில் கொஞ்சம் நியாயம் இருந்தது.

"ஒவ்வொரு பதிலுக்குக் கீழயும் உங்க பேர போடறேன் சார்" என்றாள் கோதை. "இது இல்லேன்னா எனக்கு அஞ்சு வருஷமும் போயிடும்."

ஹரிசங்கர் அம்சாவைப் பார்த்தார். அவள் வேலியில் படர்ந்த கோவைக்காயைப் பறித்துக்கொண்டிருந்தாள், அவசரமே இல்லாமல். கடைசியில் நோட்டு கைமாறியது.

இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த கோதைக்கு முகம் மாறிப்போனது. ஹரிசங்கர் நோட்டில் முறைக்குள் வரும் வயல்கள் நாற்பத்து இரண்டு. ஜான்சன் நோட்டில் முப்பத்து எட்டு. ஒன்றில் ஒரு வயலுக்கு மூன்று மணி நேரம் தண்ணீர், மற்றதில் இரண்டு.

"மூணு மணி நேரம் உக்கார வெச்சி கேட்டா வாய்க்கு வந்ததத்தான் சொல்வேன்" என்றாள் அம்சா. "நாப்பத்தொண்ணு. ரெண்டரை மணி நேரம்."

ஹரிசங்கர் பேனாவை வாங்கித் தன் நோட்டில் திருத்தினார். கொடுக்காமல் பூட்டி வைத்திருந்தால் தப்பான கணக்கோடு முனைவர் ஆகியிருப்பார் மனுஷன். அதற்குப் பிறகு அவர்தான் கோதையை விட மும்முரம். இதையும் சரிபாருங்க, அதையும் சரிபாருங்க என்று ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினார்.

மிச்சம் பதினான்கு கேள்விகள். அம்சா உற்சாகமாகப் பதில் சொன்னாள். கடைசியில் கோதையின் பெரிய கேள்வி வந்தது: பூட்டு இல்லாத வாய்க்காலில் ஏன் யாரும் திருடுவதில்லை?

"யாரு சொன்னது? திருடுவாங்க. போன வருசம் இவங்க வூட்டுக்காரரு அரை மணி நேரம் தொறந்து வுட்டாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் புருஷன் முத்துசாமி செய்தது உண்மைதான்.

"அது எப்பிடி தெரிஞ்சுது?" என்றாள் கோதை.

"இவங்கதான் சொன்னாங்க. மொதல்ல என்னாண்ட, அப்பால டீக்கடையில, அப்பால கோயிலாண்ட. அவரு நாலு நாள் வெளிய தலை காட்டல. அதுக்கப்புறம் எவன் திருடுவான்?"

நான் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோதை வேகவேகமாக எழுதினாள். அந்தப் பதில் மட்டும் ஒன்றரைப் பக்கம் வந்தது.

திங்கட்கிழமை நாலேகால் மணிக்கு அம்சாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கொடுத்துவிட்டாளாம். கோதை சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மொத்தம் எத்தனை பக்கம் என்று அம்சா கேட்டாள். முன்னூற்றுப் பத்து. அதில் நம் ஏரி எத்தனை? நாற்பது.

"மீதி?"

"மத்தவங்க இதுக்கு முன்னாடி எழுதினது, அக்கா. அதப் படிச்சு எழுதினது."

"சொல்லிட்டு எடுத்தியா?"

"எல்லார் பேரும் போட்டிருக்கேன்."

"அப்ப சரி" என்றாள் அம்சா.

நான் போனைப் பிடுங்கி, என் புருஷன் பெயரைப் போட்டுவிட்டாளா என்று கேட்டேன். போடவில்லை, 'ஒரு விவசாயி' என்று மட்டும் இருக்கிறது என்றாள். நிம்மதியாக இருந்தது. வீட்டுக்குப் போய் முத்துசாமியிடம் சொன்னேன்.

அவர் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்தார்.

"முன்னூத்திப் பத்து பக்கத்துல எம் பேரு வைக்க எடமே கெடைக்கலியாமா?"