இடது சக்கரம்

உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கை அதில் அழுத்தி அழுத்தி இழுத்தாள். உருளைகளின் இடுக்கில் புகுந்து மறுபக்கம் புழுப்புழுவாக வெளியே வரும்வரை விடக்கூடாது. ஜீப்பின் வலது முன்சக்கரத்தை மாட்டி முடித்திருந்தாள். இடது பக்கம் ஜாக்கியின் மேல் வெறும் அச்சு நீட்டிக்கொண்டிருந்தது.

“ஆச்சாடி?” ஜன்னலிலிருந்து அம்மா.

“இதோம்மா.”

காலையில் பிரித்துப்போட்டது அவள்தான். முன்சக்கரங்களில் கொஞ்ச நாளாகவே கரகரவென்று சத்தம். படுத்த படுக்கையாயிருந்த அப்பா நேற்று எழுந்து உட்கார்ந்து, தலையணை உறையில் தையல் விட்டுப்போனதைப் பார்த்துத் திட்டவும் செய்தார். தேறிவிட்டார் என்று நம்பி, சக்கரங்களைத் தாங்கும் இரண்டு ஹப்பையும் கழற்றினாள். மதியத்துக்குள் அவருக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது.

“ஆம்புலன்ஸ் ஓடையத் தாண்டாதும்மா. அக்கரையில நிக்கிறோம். உன் ஜீப்புல கொண்டுவந்து சேத்துரு” என்று நர்ஸ் போனில் சொல்லியிருந்தாள். மழைத் தண்ணீர் ஆளை நிற்கவிடாமல் இழுத்தது. நான்கு சக்கரமும் சேர்ந்து உந்தினால்தான் வண்டியே கரையேறும்.

“இன்னைக்குத்தான் பிரிக்கணுமா?” என்று அம்மா ஒருமுறைதான் கேட்டாள். அதன்பிறகு கேட்டதெல்லாம் “ஆச்சாடி?” மட்டும்.

உள் பேரிங்கை வைத்து, கிரீஸ் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தைச் சுற்றிலும் மெல்லத் தட்டி உட்காரவைத்தாள். ஹப்பைத் தூக்கி அச்சில் ஏற்றும்போது அம்மா மறுபடி கூப்பிட்டாள். இந்தமுறை குரல் வேறு மாதிரி இருந்தது. அப்படியே எழுந்து ஓடினாள்.

அப்பா சுவரில் சாய்ந்திருந்தார். உதடுகள் வெளுத்திருந்தன. அவர் தையல்காரர். காலால் மிதித்து ஓடாத எந்திரத்தை எந்திரமாகவே மதித்ததில்லை. ஜீப்புக்கு அவர் வைத்த பெயர் கழுதை.

“கழுதைக்கு... லாடம் அடிச்சாச்சா?”

“ஒரு கால் முடிஞ்சுதுப்பா. இன்னொண்ணு பாக்கி.”

“வலிக்காமப் பாத்து அடி.”

கையெல்லாம் கிரீஸ். முழங்கைக்கு மேல் சுத்தமாக இருந்த இடத்தை அவர் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். சில்லென்றிருந்தது.

“போ, போ” என்றாள் அம்மா.

வெளி பேரிங், வாஷர், நட். ஹப்பை ஒரு கையால் சுழற்றிக்கொண்டே மறு கையால் நட்டை இறுக்கினாள். பிறகு துளி தளர்த்தினாள். இறுக்கம் அதிகமானால் பேரிங் வெந்துபோகும். குறைந்தால் சக்கரம் ஆடும், ஓடை நடுவில் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. ஹப்பை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்துப் பார்த்தாள். லேசாக ஆடியது. ஆடுவது ஹப்பா, தன் கையா என்று தெரியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி அசைத்தாள். அப்போதும் தெரியவில்லை. நட்டைத் தளர்த்தி முதலிலிருந்து இறுக்கினாள்.

பூட்டு வாஷரைச் செருகி, இரண்டாவது நட்டைத் திருகும்போதுதான் அம்மா கூப்பிட்டு வெகுநேரமாகிவிட்டது என்று உறைத்தது. இருமல் சத்தமும் இல்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. ஸ்பேனரை இன்னும் வேகமாகத் திருப்பினாள்.

அம்மா செருப்பில்லாமல் முற்றத்துக்கு வந்து நின்றாள்.

“மெதுவாப் போடு. இனி அவசரமில்ல.”

ஸ்பேனர் நட்டிலேயே இருந்தது. கையை எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை. அம்மா பக்கத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த வாளியில் உட்கார்ந்து, வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகள் உள்ளே போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு நட் கழலாதபடி வாஷரின் விளிம்பை அதன் மேல் மடக்கினாள். அதைச் சரிபார்த்தாள். ஹப் மூடியைப் பொருத்தி, பிரேக்கை மாட்டி, சக்கரத்தை ஏற்றினாள். பிடித்து அசைத்தாள், ஆடவில்லை. ஜாக்கியை இறக்கினாள்.

நர்ஸுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள்.

“நான் வந்து பாத்துத்தான் இறப்புச் சீட்டுக்கு எழுதித் தரணும். வந்து கூட்டிட்டுப் போம்மா,” என்றாள் நர்ஸ். பிறகு குரலைத் தாழ்த்தி, “உன் தம்பி பஸ்ஸுல வந்து இறங்கிட்டாரு. என்கூடத்தான் நிக்கிறாரு. நான் எதுவும் சொல்லிக்கல.”

நான்கு சக்கரமும் இழுக்க, முன்சக்கர மூடிகளின் குமிழைத் திருப்பிப் பூட்டிவிட்டு ஓடையில் இறங்கினாள். தண்ணீர் கதவின் அடியில் மோதியது. ஸ்டியரிங் வழியாக ஒவ்வொரு கல்லும் கைக்கு வந்தது. நடுவில் இடது பக்கம் ஒருமுறை திணறியது, வண்டி சாய்ந்தது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் பிடித்தாள். சக்கரம் பற்றி ஏறியது.

அக்கரையில் தம்பி பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு நின்றான். ஆம்புலன்ஸின் பின்கதவு திறந்திருந்தது. ஸ்ட்ரெச்சரைப் பாதி இழுத்து வைத்திருந்தார்கள். அவள் எஞ்சினை அணைப்பதற்குள் அவன் ஓடிவந்தான்.

“நீ இறங்காதக்கா, நான் தூக்கிக்கிறேன்.”

கண்ணாடியில் அவனைப் பார்த்தாள். பின்பலகையின் கொக்கியைக் கழற்றி இறக்கினான். இரண்டு கைகளையும் உள்ளே நீட்டினான்.

நீட்டிய கைகள் காலி வண்டிக்குள் அப்படியே நின்றன.

பிறகு அவன் பலகையைத் தூக்கி மூடினான். கொக்கியை மாட்டினான். சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.