ஒரு மிஸ்டு கால் போதும்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உதிக்கவில்லை. செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் கடை வைத்து, கிணற்று மோட்டாரைப் போனிலேயே இயக்கும் பெட்டி செய்து விற்கிறாள் வெண்மதி. பெட்டியோடு கொடுக்க ஒரு துண்டுத்தாள் தமிழில் எழுதித் தரச் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு வாக்கியம் ஒரு மனிதரைச் சாவின் விளிம்புவரை கொண்டுபோய்விட்டது.

அந்த வாக்கியத்தைக் கடைசிவரை ஒளித்துவைத்தால்தான் கதை நிற்கும் என்று போன மாதம் நினைத்தேன். இப்போது ஒளித்துவைக்கத் தெம்பில்லை. இதுதான்: “இனி ஃபியூஸ் பிடுங்க வேண்டாம், ஒரு மிஸ்டு கால் போதும்.”

2

தொடக்கங்கள்.

கோட்டை மலைமேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது வெண்மதி தன் கடையின்

(வேண்டாம். செஞ்சி என்றாலே கோட்டையில்தான் ஆரம்பிக்க வேண்டுமா?)

விலைகளைப் பார்த்துப் பார்த்தே கண் பூத்துப்போன ஒருத்தி

(இது பரவாயில்லை. ஆனால் பாதியிலேயே எனக்கு அலுத்துவிட்டது.)

நேராகவே சொல்கிறேன். அந்தப் பெட்டிக்குள் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு மைக்ரோகண்ட்ரோலர் இருக்கிறது. பெட்டியின் மூளை அதுதான். பெட்டிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும், இன்னொன்று கொடுத்தால் நிற்கும். கரண்ட் போய் வந்தால் மோட்டார் தானாக ஓடத் தொடங்க வேண்டும், ஏனென்றால் மூன்று பேஸ் கரண்ட் எப்போது வரும் என்று காத்துக் கிடக்க யாராலும் முடியாது. ஆனால் ஒருமுறை “நில்” என்று சொல்லிவிட்டால், கரண்ட் எத்தனை முறை போய் வந்தாலும் நின்றபடியே இருக்க வேண்டும்.

கொரோனாவுக்கு மறு வருடம், தொண்ணூறு ரூபாய்க்கு வாங்கிய அந்தச் சிப் அறுநூறைத் தாண்டியது. அன்று பிடித்த பயத்தில் வெண்மதி ஓர் அட்டவணை போட்டாள். தினமும் காலையில் பல் விளக்கிய கையோடு நான்கு கடைகளின் இணையதளங்களைத் திறப்பாள். விலை, கையிருப்பு, சிப்புக்கு எத்தனை உலோகக் கால், எவ்வளவு மெமரி, எத்தனை நாளில் வரும். நான்கு வருடமாக ஒரு நாளும் விட்டதில்லை.

“பொண்ணுக்கு நக எடுக்கிறவங்ககூட இத்தினி வாட்டி வெல பாக்க மாட்டாங்க” என்பான் பெட்டிகளைக் கொண்டுபோய் மாட்டும் அவள் கணவன் தேவேந்திரன்.

பார்த்துப் பார்த்து அவளுக்கே சலித்துவிட்டது. எந்த வரிசையைப் பார்த்தாலும் இலக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தெரிய ஆரம்பித்திருந்தன. அப்படி ஒரு காலையில்தான் புதுச் சிப் ஒன்று கண்ணில் பட்டது. முப்பத்தெட்டு ரூபாய். மெமரி பழையதைவிடப் பதினாறு மடங்கு. நாற்பது ஆர்டர் போட்டாள்.

3

(இதை அடிக்குறிப்பாகப் போடத்தான் நினைத்தேன். கதையே இதில்தான் இருக்கிறது என்பதால் மேலே ஏற்றிவிட்டேன்.)

மெமரியில் இரண்டு வகை உண்டு. ஒன்று, என்ன வேலை செய்ய வேண்டும் என்பதைத் தாங்குவது. மற்றது, கரண்ட் போனாலும் நாம் கடைசியாகச் சொன்னதை மறக்காமல் வைத்திருப்பது. வெண்மதியின் அட்டவணையில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே கட்டம்தான். புதுச் சிப்பில் முதல் வகை ஏராளம், இரண்டாவது சுத்தமாக இல்லை. இணையத்தில் கிடைத்த ஒரு புரோகிராம் அது இருப்பதுபோலவே பாவனை செய்ததால், கரண்ட் இருக்கும்வரை எல்லாம் ஓடியது.

சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பத்து நாள் சோதித்தாள். அவளுடைய மேசை இன்வெர்ட்டரில் ஓடுகிறது. இந்த வட்டாரத்தில் கரண்டே போகாத இடம் அந்த மேசைதான்.

4

புதுச் சிப் போட்ட பெட்டியை வாங்கியிருந்த சிங்கவரம் பெரியதம்பி, மோட்டாரை நிறுத்த மிஸ்டு கால் கொடுத்துவிட்டுக் கிணற்றுப் படியில் இறங்கி, மோட்டாரில் கை வைத்திருந்தார். நடுவில் கரண்ட் போய் வந்தது. பெட்டி எல்லாவற்றையும் மறந்து மோட்டாரை ஓட்டியது. தோளில் கிடந்த துண்டை ஷாஃப்ட் சுற்றி இழுத்துக்கொண்டது. அவர் படிக்கட்டில் தலைகுப்புற

(இங்கே முதல் பிரதியில் அவரைக் கொன்றிருந்தேன். வெண்மதி படித்துவிட்டுத் தாளை மேசையில் வைத்தாள்.)

“இன்னா சார் இது? நேத்துகூட வந்து டீ குட்ச்சிட்டுப் போனாரு. அவர எதுக்கு சாவடிச்சிருக்கீங்க?”

“கதைக்கு ஒரு கனம் வேணுமே வெண்மதி.”

“அந்தத் துண்டு தோள்ல இல்லாம கழுத்துல சுத்தியிருந்தா இன்னா ஆயிருக்கும்னு தெனம் நெனச்சிக்கினு கெடக்கிறேன். அந்தக் கனம் பத்தலையா உங்களுக்கு?”

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தச் சாவை அடித்து நீக்கிவிட்டேன். நடந்தது இவ்வளவுதான்: துண்டு கிழிந்ததால் பெரியதம்பி தப்பித்தார், மறுநாள் மீதிப் பாதித் துண்டோடு கடைக்கு வந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள்.

“ஏம்மா, நிறுத்துன மோட்டாரு எப்படிம்மா ஓடும்? முன்னெல்லாம் ஃபியூஸப் புடுங்கி மடியில கட்டிக்கினுதான் எறங்குவேன். உன் தாள்லதான் வாணாம்னு போட்டிருந்துச்சே.”

வெண்மதி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. “நான் சொன்னதத்தான சார் எழுதுனீங்க” என்று பிறகு சொன்னாள். அந்த ஆறுதல் எனக்கு ஒட்டவில்லை. அவள் சொன்னது “போன்லயே நிறுத்தலாம்” என்று மட்டும்தான். ஃபியூஸைப் பற்றி எழுதினால் வாக்கியம் எடுப்பாக இருக்கும் என்று சேர்த்தது நான்.

5

புதுச் சிப்போடு பன்னிரண்டு பெட்டிகள் வெளியே போயிருந்தன. தேவேந்திரன் வண்டியில் அலைந்து பதினொன்றைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டான். பன்னிரண்டாவது, தொண்டூர் தாண்டவராயனுடையது.

“தண்ணி வத்திப்போச்சுன்னு மோட்டாரோட வித்துட்டேம்மா” என்றார் அவர், வெண்மதி போனில் கேட்டபோது. “சீயமங்கலத்துப் பக்கத்து ஆளு. பேரு கேக்கல.”

தேவேந்திரன் இரண்டு நாள் சீயமங்கலத்தைச் சுற்றிவந்தான். கிடைக்கவில்லை. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் சிம் வெண்மதி வாங்கிப் போட்டது. அந்த நம்பர் அவளிடம் இருக்கிறது. சோதனைக்காக எல்லாப் பெட்டியிலும் அவளுடைய நம்பரையும் பதிந்திருந்ததால், அவள் கூப்பிட்டால் அது கீழ்ப்படியும்.

6

முடிவுகள்.

(அ) பெட்டி சரியில்லை என்று சண்டை போட அந்த ஆளே கடைக்கு வருகிறார். இதை நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் பொய்யாக இருந்தது, அவர் வரவில்லை என்பதால்.

(ஆ) வெண்மதி அட்டவணையை அழித்துவிட்டுக் கடையை

(இல்லை. இன்று காலையும் விலை பார்த்தாள். மெமரிக்கு இப்போது இரண்டு கட்டம்.)

(இ) இதை எழுதும்போது அவள் என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள். போனில் அந்த நம்பரை எடுத்து வைத்திருக்கிறாள், அழுத்தவில்லை.

“மோட்டாரு ஓடிக்கினு இருந்தா என் கால் நிறுத்திடும் சார். அவரு நிறுத்திட்டு அதுமேல கைய வச்சிக்கினு இருந்தா, என் கால் ஓட்டிடும். கூப்புடாம விட்டா அது எப்ப மறக்கும்னு தெரியாது. எதுன்னு நீங்க சொல்லுங்க.”

ஓடுகிறதா நிற்கிறதா என்று திருப்பிச் சொல்லும் வசதி அந்தப் பெட்டியில் இல்லை. விலை கூடும் என்று விட்டுவிட்டாள்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுதுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, போனை என் பக்கம் தள்ளினாள். நான் அதை உங்கள் பக்கம் தள்ளுகிறேன். சீக்கிரம் சொல்லுங்கள், சீயமங்கலத்தில் டீக்கடைக்காரரைக் கேட்டாயிற்று, போயிருந்த கரண்ட் பத்து நிமிடத்துக்கு முன்னால் அங்கே திரும்பி வந்துவிட்டதாம்.