இல்லாத பிள்ளையின் ஓப்பரேஷன்

இல்லாத பிள்ளை ஒன்றின் இருதய ஓப்பரேஷனுக்கென்று கொழும்புக் கொட்டாஞ்சேனையில் தகரக்கடை ஒழுங்கை என்ற சின்னத் தெரு சேர்த்துக் கொடுத்த பணம் மறைந்த பத்தாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, அந்தப் பிள்ளை பஸ்ஸில் வந்து இறங்கியது. விளம்பரப் படத்தில் இருந்த அதே மஞ்சள் சட்டை, அதே இரட்டைப் பின்னல், அதே சிரிப்பு. வயது ஏழு என்று போட்டிருந்தது, ஏழுதான். படத்தை ஓரத்தில் வெட்டியவன் வலது காதையும் சேர்த்து வெட்டியிருந்தபடியால் பிள்ளைக்கு வலது காது இல்லை. அந்த இடம் கன்னத்தைப் போல வழவழப்பாக இருந்தது. தாய் தகப்பனைப் பற்றி விளம்பரத்தில் ஒரு சொல்லும் இல்லாததால் தனியாகவே வந்திருந்தது. செவ்வாய் என்றபடியால் பஸ் நிறையக் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய்த் திரும்பிய சனம். கொண்டக்டர் அரை டிக்கட் கேட்டாராம், பிள்ளை சிரித்ததாம், அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டாராம். இறங்கிய பிள்ளை ஒருவரிடமும் வழி கேட்கவில்லை. நேரே போய்க் கொன்ஸ்ரன்ஸ் வீட்டுக் கதவைத் தட்டியது. விளம்பரத்தை ஒழுங்கைக்குள் பரப்பிய தாளின் அடியில் தொடர்புக்கென்று கொடுக்கப்பட்டிருந்தது அந்த வீட்டு இலக்கம்.

கொன்ஸ்ரன்ஸ் கப்பல் கம்பெனி ஒன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள், கலியாணம் கட்டாதவள், எதைப் பார்த்தாலும் முதலில் மூக்கைச் சுளிப்பவள். பதினொரு வருடமாக ‘ஒழுங்கைச் செய்தி’ என்று மாதம் ஒரு தாள் எழுதி வந்தாள். தன் கையெழுத்தில் இரண்டு பக்கமும் நிரப்பி, ஹபீஸின் போட்டோகொப்பிக் கடையில் நானூறு பிரதி எடுத்து, வீடு வீடாகக் கதவடியில் தள்ளிவிடுவாள். எந்த நாள் தண்ணீர் வராது, யாருடைய முப்பத்தோராம் நாள் பூசை எப்போது, டெங்குக்காரர் எப்போது வருவார்கள், அதெல்லாம் அதில் இருக்கும். கடைசியில் ஒரு கட்டத்துக்குள் எச்சரிக்கை: சுங்கத்தில் பார்சல் கிடக்கிறது என்று மெசேஜ் வந்தால் தொடாதீர்கள், போனில் வரும் இரகசிய இலக்கத்தைத் தாயே கேட்டாலும் சொல்லாதீர்கள். அந்தத் தாளை ஒழுங்கை நம்பியது. நம்பியது என்றால் சும்மா நம்பிக்கை இல்லை. ஒருமுறை செவ்வாய் என்பதற்குப் புதன் என்று எழுதிவிட்டாள். செவ்வாயன்று கொட்டாஞ்சேனை முழுவதும் வறண்டு கிடக்க இந்த ஒழுங்கையில் மட்டும் தண்ணீர் வந்தது, புதன்கிழமை இங்கே மட்டும் நின்றது. இன்னொருமுறை பாமன்கடையில் செத்துப்போன ஒரு நவரத்தினத்துக்குப் பதிலாக ஒழுங்கையின் நவரத்தினம் செத்துவிட்டதாக எழுதிவிட்டாள். மனிசன் சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே நான்கு நாள் மூச்சில்லாமல் கிடந்தார். திருத்தம் எழுதி விநியோகித்த ஐந்தாம் நாள் எழும்பி, தேத்தண்ணி ஆறிவிட்டது என்று பெண்சாதியிடம் கோபித்தார். அன்றைக்குத்தான் கொன்ஸ்ரன்ஸ் பாவசங்கீர்த்தனத்தில் சத்தியம் செய்தாள்: இனிக் கண்ணால் காணாத எதையும் எழுதுவதில்லை, பொய்யென்று தெரிந்து ஒரு வரியும் எழுதுவதில்லை.

ஆனைக்கும் அடி சறுக்கும். ‘இந்தச் சிரிப்பை அணைய விடாதீர்கள்’ என்ற தலைப்போடு அந்த விளம்பரம் வட்ஸ்அப்பில் வந்தபோது ஒழுங்கை உருகிப்போனது. இருதயத்தில் துவாரம், மூன்று கிழமைக்குள் ஓப்பரேஷன், பெயர் சாரா. பெயர் வைத்தவன் கெட்டிக்காரன். வேதக்காரர் சாராவைத் தங்கள் பிள்ளை என்று எடுத்துக்கொண்டார்கள், முஸ்லிம் வீடுகளில் தங்கள் பிள்ளை என்றார்கள், சைவக்காரர் சாரதாவைச் சுருக்கியிருக்கிறார்கள் என்று சமாதானம் செய்துகொண்டார்கள். நலன்புரிச் சங்கத் தலைவர் ஹெக்டர் பத்தாயிரம் ரூபாவை முதல் ஆளாகப் போட்டுவிட்டு, அதைப் பேப்பரில் பார்க்காமல் நித்திரை கொள்ளமாட்டாமல், கொன்ஸ்ரன்ஸின் வாசலில் வந்து நின்றார். பிள்ளையை நான் பார்க்கவில்லையே என்றாள் அவள். பார்த்துவிட்டா அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துகிறோம் என்றார் அவர். அவளும் எழுதிவிட்டாள். பிறகு பிங்கோ, பைலா, பால் அப்பம், பழைய உடுப்பு விற்பனை. ஒழுங்கைக்காரி மரியகொறற்றி தன் கையால் சோறும் கறியும் வாழையிலையில் பொதிந்து இருநூறு லம்ப்ரைஸ் கட்டினாள். சேர்ந்ததெல்லாம் விளம்பரத்தில் இருந்த கணக்குக்குப் போனது. அது மூன்று வருடத்துக்கு முன் செத்த ஒருவரின் அடையாள அட்டையில் திறந்த கணக்கு என்று பொலிஸ் சொன்னபோது கணக்கு துடைத்த கோப்பை மாதிரி இருந்தது.

இப்படியிருக்கத்தான் பிள்ளை வந்தது. முதல் இரண்டு நாள் ஒழுங்கை முழுவதும் பிஸ்கட் பெட்டியோடு வந்து பார்த்தது. காது இல்லாத இடத்தைத் தடவிப் பார்த்தார்கள், மஞ்சள் சட்டையை இழுத்துப் பார்த்தார்கள். எவ்வளவு இழுத்தும் அது கழன்று வரவில்லை. அதில் எவரும் அதிசயப்படவில்லை. பேப்பரில் வந்த பிள்ளை வராமல் என்ன செய்யும் என்றுதான் கேட்டார்கள். கொன்ஸ்ரன்ஸ் பிள்ளையை டொக்டரிடம் கூட்டிப் போனாள். துவாரம் இருந்தது. எத்தனை மில்லிமீட்டர் என்று விளம்பரம் சொன்னதோ அத்தனை மில்லிமீட்டர். மூன்று கிழமைக்குள் செய்யவேண்டும் என்றார் டொக்டர், தானே யோசித்துச் சொன்னவர் போல. அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசந்தான், ஆனால் பெயர் பதியப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். பிறக்காத பிள்ளைக்குச் சான்றிதழுக்கு எங்கே போவது. மிஞ்சியது தனியார் ஆஸ்பத்திரி. அதற்குப் பணம் வேண்டும்.

ஆக, அதே ஒழுங்கை, அதே பிள்ளை, அதே நோய், மறுபடியும் ஒரு நிதி சேர்ப்பு. கொன்ஸ்ரன்ஸ் தன் பென்சனிலிருந்து கூடாரம் வாடகைக்கு எடுத்தாள். மரியகொறற்றி இந்த முறை ஐம்பது பொட்டலத்தோடு நிறுத்திக்கொண்டாள். சனம் வந்தது, சாப்பிட்டது, கோழிக்கால் சின்னது என்றது, பிங்கோவில் ரைஸ் குக்கர் விழுந்தவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். உண்டியலில் விழுந்தது கூடார வாடகைக்கும் காணாது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். முதல் முறை வெறும் படத்துக்குக் கண்ணீர் விட்டுச் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்த ஒருத்தி, உண்டியலோடு முன்னால் வந்து நின்ற பிள்ளையைக் கண்டதும் போனை எடுத்துக் காதில் வைத்தாள். பிள்ளையோ எல்லாருக்கும் சிரித்தது. அதற்கு வேறு முகம் இல்லை. மூச்சு வாங்கி உதடு நீலம் பாரிக்கும்போதும் சிரித்தது, சத்தி எடுக்கும்போதும் சிரித்தது, நித்திரையிலும் சிரித்தது. இரவல் சிரிப்பு ஒன்றை ஒரு குழந்தையின் முகத்தில் ஆணியடித்து விட்டிருந்தார்கள். கொன்ஸ்ரன்ஸ் மூக்கைச் சுளித்தாள். அந்தச் சனத்தைப் பார்த்து, அந்தக் கோழிக்கால்களைப் பார்த்து, எல்லாவற்றுக்கும் முதல் பிள்ளையைப் பார்க்காமல் பேப்பரில் எழுதிய தன் கையைப் பார்த்து.

பிறகு கதை வேறு பக்கம் திரும்பியது. பிள்ளை உண்மை என்றால் சல்லி எங்கே என்று ஒருவர் கேட்டார். ஹெக்டர்தானே முன்னின்றார் என்று இன்னொருவர் சொன்னார். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. மூன்று கிழமை முடிய நான்கு நாள் இருக்கையில் ஹெக்டர் சங்கத்து ஆட்கள் இரண்டு பேரோடு கொன்ஸ்ரன்ஸ் வீட்டுக்கு வந்தார். கையில் எழுதிக் கொண்டுவந்த தாள். தலைப்பு, எச்சரிக்கை. ‘சாரா என்ற பெயரில் ஒரு பிள்ளை இல்லை. அந்தப் பெயரைச் சொல்லி எவராவது உதவி கேட்டால் நம்பவேண்டாம்.’

“இதைக் கட்டத்துக்குள்ள போடுங்கோ,” என்றார். “நானே அடிச்சுக் குடுக்கலாம். ஆனா என்ர எழுத்தை இந்த லேனில ஒருத்தரும் வாசிக்காயினம்.”

“பிள்ளை உள்ளுக்க படுத்திருக்குது, ஹெக்டர். சத்தத்தைக் குறைச்சுக் கதையுங்கோ.”

“நாங்கள் பிள்ளைக்கு விரோதமில்லை. ஆனா ஒண்டு விளங்கோணும். பிள்ளை இருந்தா, சல்லி எங்கயெண்டு கேப்பினம். பிள்ளை இல்லையெண்டா நாங்கள் எல்லாரும் ஏமாந்த ஆக்கள். அவ்வளவுதான்.”

“நான் எழுதினா என்ன நடக்குமெண்டு தெரியுந்தானே. நவரத்தினத்துக்கு நடந்தது தெரியுந்தானே.”

ஹெக்டர் சுவரில் இருந்த திரு இருதயப் படத்தைப் பார்த்தார். “நான் ஒண்டும் செய்யச் சொல்லேல்லை. ரெண்டு வரி எழுதச் சொல்லுறன். எழுதுறது உங்கட கை.”

வந்த இரண்டு பேரும் தலையாட்டினார்கள். மூவருக்கும் தெரிந்தேதான் இருந்தது. தெரியாமல் கேட்டிருந்தால்கூட மன்னிக்கலாம். நவரத்தினத்தைத் திருத்தம் எழுதி எழுப்பலாம், அவருக்கு வீடு இருந்தது, பெண்சாதி இருந்தாள், ஆறிப்போன தேத்தண்ணி இருந்தது. பேப்பரில் மட்டும் பிறந்த பிள்ளையைப் பேப்பரில் அழித்தால் திரும்பி வர அதற்கு ஓர் இடமும் இல்லை. கொன்ஸ்ரன்ஸ் தாளை வாங்கி வைத்துக்கொண்டு அவர்களை அனுப்பினாள். அவர்கள் இருந்து போன கதிரைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். அவள் கழுவுவதை, அறை வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற பிள்ளை பார்த்துச் சிரித்தது.

“அன்ரி, நான் இல்லையா?” என்று கேட்டது. ஒற்றைக் காதானாலும் கூர்மையான காது.

“இருக்கிறாய்,” என்றாள் கொன்ஸ்ரன்ஸ். “போய்ப் படு. நிண்டா இளைக்கும்.”

அடுத்த நாள் காலை அவள் ‘ஒழுங்கைச் செய்தி’யை எழுதினாள். தண்ணீர் வெட்டு வியாழன். நாய்களுக்கு ஊசி ஞாயிறு. பதினொரு வருடம் எச்சரிக்கைக்கென்று வைத்திருந்த கட்டத்துக்குள், மூன்று வரி. ‘சாராவுக்கு ஓப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. வலது காதும் சரி. பிள்ளை இனி விரும்பினால் மட்டும் சிரிக்கும்.’ சத்தியத்தை முறித்ததற்கு என்ன தண்டனையோ அதைப் பிறகு குருவானவரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். இந்த ஒழுங்கையில் உண்மைக்கு அவள் காவல் இருந்த பதினொரு வருடமும் வீண்போலவும் பட்டது, இந்த மூன்று வரிக்காகவே காவல் இருந்தது போலவும் பட்டது.

ஹபீஸ் மெசினில் வைக்குமுன் வாசித்துப் பார்த்தான். “மிஸ், இது நடந்ததா?”

“பின்னேரத்துக்குள்ள நடந்திரும்.”

அவன் மெசினின் மூடியைத் திறந்தான். “அப்ப ஐநூறா அடிப்பம்,” என்றான். காசு வாங்கவில்லை. அதை எழுதத்தான் வேண்டும், இந்தக் கதையில் எழுதுவதற்கு அப்படிப்பட்டது அதிகமில்லை.

கடைசிக் கதவடியில் தாளைத் தள்ளிவிட்டு அவள் வீட்டுக்கு வந்தபோது மூன்றரை மணி. பிள்ளை கட்டிலில் இருந்து நெஞ்சைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் நீளமாக ஒரு தழும்பு, ஆறி ஒரு வருடமானது போல. உதடு சிவந்திருந்தது. வலது காது வந்திருந்தது, மற்றதைவிட ஒரு சாடை சின்னதாக. மஞ்சள் சட்டை பொத்தான் போட்ட சாதாரணச் சட்டையாகிக் கழன்று வந்தது. அதை எரிப்பதா தோய்ப்பதா என்று யோசித்து, துணி நல்ல துணி என்பதால் தோய்த்துப் போட்டாள். ஒழுங்கையில் எவரும் எந்த ஆஸ்பத்திரி, யார் செய்தது, எப்போது செய்தது என்று கேட்கவில்லை. எல்லாருக்கும் வேறொரு விஷயம் ஞாபகம் வந்துவிட்டது: தாங்கள் கொடுத்தது. மரியகொறற்றி இருநூறு லம்ப்ரைஸை நினைவுபடுத்தினாள். சங்கிலி அடகு வைத்தவள், அந்தச் சங்கிலியால்தான் பிள்ளை பிழைத்தது என்றாள். போன பணம் போகவில்லை, பிந்தித்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று ஹெக்டர் விளக்கினார். பொலிஸ் முறைப்பாடு வாபஸானது. செத்தவரின் அடையாள அட்டையில் கணக்குத் திறந்தவனுக்காகவும் யாரோ ஒரு மெழுகுதிரி கொளுத்தினார்களாம்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு, நன்றி விழா. மேடை, பூமாலை, பின்னால் தொங்கிய துணியில் ஹெக்டரின் பெயர் பிள்ளையின் பெயரைவிடப் பெரிதாக. கொன்ஸ்ரன்ஸ் கடைசி வரிசையில் இருந்தாள். சாராவின் பெயரைப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பில் பதிந்திருந்தார்கள். பிறப்புச் சான்றிதழ் கிடைத்ததாக ‘ஒழுங்கைச் செய்தி’யில் ஒரு வரி வந்திருந்தது, ஆகவே கிடைத்திருந்தது. பேச்சு முடிந்ததும் ஹெக்டர் சாராவை முன்னால் இழுத்து நிறுத்தி, தோளில் கை வைத்து, படம் பிடிக்க வந்தவருக்கு நெஞ்சை நிமிர்த்திக் காட்டினார்.

“மகள், இங்க பாருங்கோ. அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் காட்டுங்கோ.”

மண்டபம் காத்திருந்தது. சாரா தன் தோளில் கிடந்த கையைப் பார்த்தாள், சோற்றில் கிடக்கும் மயிரைப் பார்ப்பது போல. பிறகு ஹெக்டரைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அசையாதிருந்த அந்த முகம் மெதுவாக அசைந்தது. மூக்கு சுளித்தது, மேலுதடு ஒரு பக்கம் ஏறியது, புருவம் இரண்டும் நடுவில் வந்து முட்டின. கமரா அந்த நேரம் பார்த்துத்தான் வெளிச்சம் அடித்தது.

முன்வரிசையில் இருந்த மரியகொறற்றி பக்கத்தில் இருந்தவளிடம் குனிந்தாள். “பாரன், அப்பிடியே கொன்ஸ்ரன்ஸ் அக்கா.”

ஓம் என்றார்கள் எல்லாரும். அந்தப் படம் இப்போதும் நலன்புரிச் சங்க அறையில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. பார்ப்பவர்களுக்கு அதில் புதினம் ஒன்றுமில்லை. பிள்ளை தாயைப் போல இருக்கிறது, வேறு யாரைப் போல இருக்கும்.